புலிக்குப் பயந்தவர்களா, வரிக்குப் பயந்தவர்களா? பழைய சீனத்தில் மனிதரும் புலியும்

#1 மலையடிவாரம் (இழையைத் தொடங்கியவர்)

ரொம்ப நாளாக மனசில் கிடக்கும் ஒரு கேள்வி.

கன்பூசியஸ் தைஷான் மலைப் பக்கமாக வண்டியில் போகிறார். ஒரு கல்லறை முன்னால் ஒருத்தி உட்கார்ந்து அழுகிறாள். துக்கத்தின் மேல் துக்கம் விழுந்தவள் அழுவது போல அந்த அழுகை அவர் காதில் விழுகிறது. சீடர் சீலூவை அனுப்பி விசாரிக்கச் சொல்கிறார். "முன்னே மாமனாரைப் புலி அடித்தது. அப்புறம் புருஷன். இப்போது பிள்ளையும் போய்விட்டான்" என்கிறாள். "பிறகும் ஏன் இந்த இடத்தை விட்டுப் போகவில்லை?" "இங்கே கொடிய ஆட்சி இல்லையே." கன்பூசியஸ் சீடர்கள் பக்கம் திரும்பி, கொடிய ஆட்சி புலியைவிட மூர்க்கமானது, நினைவில் வையுங்கள் என்கிறார். 'லீ ஜி' என்ற சடங்கு நூலில் இருக்கிறது. இன்றைக்கும் சீனர்கள் வாயில் ஐந்து எழுத்துப் பழமொழியாக நடமாடுகிறது.

எல்லோரும் இதில் ஆட்சியைத்தான் பார்க்கிறோம். எனக்குப் புலி மேல் கண். ஒரே வீட்டில் மூன்று தலைமுறை. அப்படி ஒரு இடம் நிஜமாக இருந்திருக்குமா? அந்தக் காலத்துச் சீனத்தில் மனிதருக்கும் புலிக்கும் என்ன வழக்கு ஓடிக்கொண்டிருந்தது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 வெட்டிப்பேச்சு

அண்ணே, அந்தம்மா கணக்கு போட்டுதான் உட்கார்ந்திருக்கு. புலி எப்பவாவது வரும். தண்டல்காரன் தேதி தவறாம வருவான்.

#3 சந்தேகசாமி

நடந்த கதையாகவே இருக்காது. நீதி சொல்ல ஒரு புலி தேவைப்பட்டது, கூப்பிட்டுக்கொண்டார்கள். சீன ஏடுகளில் உறுமும் புலிகளில் பாதிக்கு மேல் ஏட்டிலேயே பிறந்தவை.

#4 நீலவேணி

ஏட்டுக்கு முன்னாலேயே எலும்பில் இருக்கிறது, சாமி. கன்பூசியஸுக்குப் பல நூற்றாண்டு முந்திய சாங் வம்சத்தின் கடைசி அரசன் தி சின் தன் ஆட்சியின் மூன்றாம் ஆண்டில் வேட்டையில் ஒரு பெரிய புலியைப் பிடித்தான். அதன் முன்னங்கால் எலும்பைச் செதுக்கி, நீலப்பச்சைக் கல் பதித்து, வேட்டை நடந்த இடம், மாதம், ஆண்டு எல்லாம் பொறித்து வைத்தார்கள். எலும்பு இப்போது டொரோண்டோவில் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதை எந்த நீதிக்காக எழுதினார்கள் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சாங்கைக் கவிழ்த்த சூ வம்சத்து வூ அரசரின் வேட்டைக் கணக்கு 'யீ சூ ஷு' என்ற பழைய ஏட்டுத் தொகுப்பில் வருகிறது: 22 புலி, 12 காண்டாமிருகம், 151 கரடி, 5,235 மான். மான் எண்ணிக்கையை நம்ப வேண்டாம், சரி. புலி 22 என்பது அடக்கமாகத்தான் படுகிறது. அவருக்கு அடுத்து நாட்டை நடத்திய சூ கோமகனைப் புகழும்போது, கன்பூசியஸ் வழிவந்த சிந்தனையாளர் மென்சியஸ் சொல்வதும் இதுதான்: புலி, சிறுத்தை, காண்டாமிருகம், யானை எல்லாவற்றையும் தொலைவுக்கு விரட்டினார், உலகம் மகிழ்ந்தது. வட சீன வயல்வெளி அப்படித்தான் உருவானது. காட்டை வெட்டி, விலங்கைத் துரத்தி.

இன்னொன்று. 'கொடுமை' என்பதற்கான சீன எழுத்தை ஹான் வம்சக் காலத்து அகராதி எப்படி விளக்குகிறது தெரியுமா? மனிதன் மேல் நகத்தைத் திருப்பிய புலியின் பாதம்.

#5 காட்டுவழி

மலையடிவாரம் கேட்டதுக்கு வர்றேன். மூணு தலைமுறைன்னா குறைஞ்சது இருபது முப்பது வருஷம். காட்டுல ஒரு புலி பத்துப் பதினஞ்சு வருஷம் இருந்தாலே பெரிசு. அதனால ஒரே புலி இல்ல. ஒண்ணு போனா அடுத்தது வந்து உட்கார்ற இடம் அது. விறகு, கீரை, காட்டோர வேலைன்னு குனிஞ்சு நிமிர்ற ஆளை முதுகுப் பக்கமாத்தான் அடிக்கும். மூணு சாவுக்கும் மூணு புலி, மூணு காரணம் இருந்திருக்கலாம். கதையில வர்ற அந்த வரிசையே எனக்கு அதிசயமா படல.

#6 சந்தேகசாமி

ஒப்புக்கொள்கிறேன், புலி இருந்தது. அதை ஏன் ஆட்சியோடு முடிச்சுப் போட்டார்கள்? அதற்குப் பதில் வேண்டும்.

#7 கணக்குப்பிள்ளை

வணக்கம். நான் வரிக் கணக்கு பார்த்தே தலை நரைத்தவன். என் கண்ணுக்கு இந்தப் புலிகள் எல்லாம் பேரேட்டில் வருகிற புலிகள்.

1975-இல் ஹூபேய் மாகாணம் யுன்மெங்கில் சின் என்ற பழைய சீன அரசின் அதிகாரி ஒருவரின் கல்லறையைத் தோண்டியபோது சட்டம் எழுதிய மூங்கில் பட்டைகள் கிடைத்தன. அதில் புலி வேட்டைக்கும் விதி உண்டு. புலியை எய்ய இரண்டு ரதம் ஓர் அணி. புலி தப்பிவிட்டால் ரதத்துக்கு ஒரு கவசம் அபராதம். புலிக்கு உங்களைத் தெரியாது, கருவூலத்துக்குத் தெரியும்!

இனி நான் சொல்ல வந்த கதை. ஹான் வம்சத்தின் பிற்பாதியைச் சொல்லும் 'பின்ஹான் வரலாறு' எழுதி வைத்தது. சின் அரசர் சாவோசியாங் காலம் (கி.மு. 306 முதல் 251 வரை ஆண்டவர்). ஒரு வெள்ளைப் புலி மற்ற புலிகளைக் கூட்டிக்கொண்டு சின், ஷூ, பா, ஹான் என்ற பகுதிகளின் எல்லைகளில் திரிந்து ஆயிரம் பேருக்கு மேல் சேதம் செய்ததாம். கொல்பவனுக்குப் பத்தாயிரம் குடிகள் உள்ள ஊர் மானியம், நூறு யீ (பழைய எடை அளவு) தங்கம் என்று அரசர் அறிவிக்கிறார். பா நாட்டின் லாங்சோங்கில் இருந்த மலைக்குடிகள் வெண்மூங்கிலில் குறுக்குவில் செய்து, மாடியில் ஏறி நின்று புலியை எய்துவிட்டார்கள்.

பரிசு கொடுக்கும் நேரம் வந்தது. அரசருக்கு மகிழ்ச்சி. ஆனால் இவர்கள் 'யீ', அதாவது அந்நியக் குடி. ஊரை எழுதிக் கொடுக்க மனசு வரவில்லை. அதற்குப் பதிலாக ஒப்பந்தம் போட்டுக் கல்லில் வெட்டினார்கள். வீட்டுக்கு ஒரு சிங் (பழைய நில அளவு) நிலம் வரை வரி இல்லை. பத்து மனைவி இருந்தாலும் தலைவரி இல்லை. சின் இவர்கள் மேல் கை வைத்தால் ஒரு ஜோடி மஞ்சள் டிராகன் கட்ட வேண்டும். இவர்கள் சின் மேல் கை வைத்தால் ஒரு குடம் தெளிந்த மது.

தைஷான் பெண் புலியோடு குடியிருந்து வரியிலிருந்து தப்பினாள். இவர்கள் புலியைக் கொன்று தப்பினார்கள்.

#8 வெட்டிப்பேச்சு

மஞ்சள் டிராகன் எந்தச் சந்தையில சார் கிடைக்கும்?

#9 கணக்குப்பிள்ளை

தம்பி, கிடைக்காத பொருளை அபராதமாக எழுதினால் என்ன அர்த்தம்? கை வைக்க மாட்டேன் என்று அர்த்தம். அல்லது கட்ட மாட்டேன் என்று அர்த்தம். இரண்டில் எது என்று பின்னால் வருகிறேன்.

#10 மலையடிவாரம்

சாமியின் கேள்விக்கு நான் முயல்கிறேன். கிழக்கு ஹான் காலத்தில் (ஹான் வம்சத்தின் பிற்பாதி) புலி மனிதனை அடித்தால் அது அதிகாரியின் மதிப்பெண் பட்டியல் மாதிரி. நல்ல அதிகாரி வந்தால் புலி ஊரை விட்டுப் போகும் என்ற நம்பிக்கை.

சோங் ஜுன் என்பவர் ஜியூஜியாங் ஆளுநராகப் போகிறார். புலித்தொல்லை அதிகம். ஆட்களைத் திரட்டிக் குழியும் கூண்டும் வைத்துக்கொண்டே இருக்கிறார்கள், அப்படியும் உயிர்ச்சேதம். இவர் போட்ட ஆணை இப்படிப் போகிறது: புலி மலையில் இருக்கும், முதலை நீரில் இருக்கும், அதததற்கு ஓர் இடம். யாங்சி, ஹுவாய் ஆறுகளின் பக்கத்தில் கொடிய மிருகம் என்பது வடக்கே கோழியும் பன்றியும் மாதிரி. மக்களுக்கு இப்போது தீங்கு வருகிறதென்றால் குற்றம் கொடிய சிப்பந்திகள் மேல். ஓயாமல் பொறி வைத்து அலைக்கழிப்பது மக்கள் மேல் காட்டும் இரக்கம் ஆகாது. கூண்டையும் குழியையும் எடுங்கள், விதித்த வரியைக் குறையுங்கள். பிறகு புலிகள் எல்லாம் சேர்ந்து ஆற்றைக் கடந்து கிழக்கே போய்விட்டன என்று ஊரில் பேச்சு.

எனக்குப் பிடித்தவர் லியூ குன். ஹோங்நோங் ஆளுநர். அங்கே அஞ்சல் சாலையில் புலி, வழிப்போக்கர் போக முடியவில்லை. இவர் மூன்று ஆண்டு நல்லாட்சி நடத்த, புலிகள் குட்டிகளைச் சுமந்துகொண்டு ஆற்றைத் தாண்டிப் போயினவாம். குவாங்வூ பேரரசர் (ஆட்சி கி.பி. 25 முதல் 57) கூப்பிட்டு, எந்த அறத்தால் இது நடந்தது என்று கேட்கிறார். லியூ குன் சொன்ன பதில்: "தற்செயல்தான்." சுற்றி நின்றவர்கள் இவருடைய வெள்ளந்தித்தனத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். பேரரசர் மட்டும், "பெரிய மனிதரின் பேச்சு இது" என்று அதைப் பதிந்து வைக்கச் சொன்னார்.

#11 காட்டுவழி

புலி ஆறு தாண்டுறதுல ஒண்ணும் அற்புதம் இல்ல, நல்லா நீந்தும். குட்டியை வாயில கவ்வித் தூக்கிட்டுப் போய் வேற இடத்துல வைக்கிறதும் உண்டு. தொந்தரவு கூடினா அப்படிச் செய்யும்.

சோங் ஜுன் ஆணையை வேற மாதிரியும் படிக்கலாம். குழி வெட்டக் காட்டுக்குள்ள போறது யாரு? அதே குடியானவன்தான். கூலியும் இருக்காது. பொறி வைக்கப் போய் அடிபட்டவன் எத்தனை பேரோ. காயம்பட்டுத் தப்பின புலிதான் அப்புறம் ஆளை அடிக்க வரும். பொறியை எடுத்ததும் சாவு குறைஞ்சிருந்தா, அறம் பாதி, இது பாதி.

#12 நீலவேணி

இந்த நம்பிக்கையை அந்தக் காலத்திலேயே கிழித்துத் தொங்கவிட்டவர் ஒருவர் உண்டு. வாங் சோங், கி.பி. 27-இல் பிறந்தவர். 'லுன் ஹெங்' என்ற நூலில் 'புலியை எதிர்ப்படுதல்' என்று தனி அத்தியாயமே எழுதியிருக்கிறார்.

சகுனக்காரர்கள் அப்போது சொன்னது: விலங்குகளுக்குப் புலி தலைமை, சிப்பந்திகளுக்கு 'கோங்சாவ்' தலைமை. கோங்சாவ் தன் கீழுள்ளவர்களைச் சுரண்டினால் அதைக் காட்டப் புலி மனிதனைத் தின்னும். (கோங்சாவ் என்பது அலுவலகத்தில் ஆள் நியமனம் பார்க்கும் பதவி. கை நீட்ட வசதியான நாற்காலி.) வாங் சோங் கேட்கிறார்: உலகத்தில் கறைபடாதவன் நூற்றில் ஒருவன்கூட இல்லை. கோங்சாவ் பதவியில் உட்கார்ந்தவன் எல்லோருக்கும் உள்ளே கள்ளம் உண்டு, சின்னதோ பெரிசோ லஞ்சம் உண்டு. அதற்கெல்லாம் புலி வரும் என்றால் காட்டுப் புலி ஒரு நாள் விடாமல் மனிதனைத் தின்றுகொண்டே அல்லவா இருக்க வேண்டும்? வீட்டில் எலி இருப்பது மாதிரி காட்டில் புலி இருக்கிறது. பதுங்கிக் கிடக்கும், எப்போதாவது கண்ணில் படும். பசித்தால் தின்னும்.

#13 சந்தேகசாமி

இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே எனக்கு ஒரு குருநாதர் இருந்திருக்கிறார். இதற்கு மேல் என்ன பேச்சு?

#14 நீலவேணி

கொஞ்சம் பொறுங்கள். அதே நூலின் கடைசியில் தன் வரலாறு சொல்கிறார். வகித்த பதவி: மாவட்டத்தில் கோங்சாவ்.

#15 வெட்டிப்பேச்சு

அடேங்கப்பா. குற்றவாளிக் கூண்டுல நின்னுக்கிட்டே வக்கீல் வாதம்!

#16 பொழுதுபோகாதவன்

கூண்டுன்னதும் ஞாபகம் வந்தது. இதே ஹான் காலத்தில் தோங் ஹுய் என்று ஒரு மாவட்ட அதிகாரி, ஒருவனைப் புலி தின்றதும் கூண்டு வைத்து இரண்டு புலியை உயிரோடு பிடித்து விசாரணையே நடத்தியிருக்கிறார். "கொன்றவனுக்குச் சாவு என்பது அரச சட்டம். கொன்றது நீ என்றால் தலையைக் குனி. இல்லையென்றால் முறையிடு." ஒன்று தலை குனிந்து கண்ணை மூடியது, அதைக் கொன்றார். இன்னொன்று இவரைப் பார்த்து உறுமிக் குதித்தது, விட்டுவிட்டார். சந்தேகசாமி, கோபப்படாமல் படியுங்கள்.

#17 புதுவரவு_77

எல்லாருக்கும் வணக்கம், இழை அருமை. வூ சோங் வெறுங்கையால புலியைக் கொன்னதைப் பத்தி யாரும் பேசலையே? பதினெட்டுக் கிண்ணம் மது குடிச்சிட்டு ஜிங்யாங் மேட்டுல ஏறுவாரே. அப்புறம் சிச்சுவான்ல இருபது புலி கூட்டமா ஊருக்குள்ள வந்துச்சுன்னு எங்கேயோ படிச்சேன், உண்மையா?

#18 மலையடிவாரம்

வூ சோங் நாவல் ஆள், 'ஷுய்ஹூ ஜுவான்' நாயகன். ஆனால் அந்த நாவலில் புலியைவிட எனக்குச் சுவையானது அதைச் சுற்றியுள்ள சர்க்கார் காரியம். மேட்டில் ஏறுமுன் வூ சோங் ஓர் அரசு அறிவிப்பைப் படிக்கிறான்: காலை ஒன்பதிலிருந்து பிற்பகல் மூன்று வரைதான் கடக்கலாம், அதுவும் கூட்டமாக. புலியைக் கொன்று இறங்கும்போது இன்னும் இரண்டு புலி எழுந்து வருகிறது. செத்தோம் என்று நினைக்கிறான். பார்த்தால் புலித்தோல் போர்த்திய வேட்டைக்காரர்கள். கெடுவுக்குள் புலியைப் பிடிக்கவில்லை என்று அதிகாரியிடம் அடி வாங்கியவர்கள். வூ சோங் தனக்குக் கிடைத்த ஆயிரம் சரம் காசையும் அவர்களுக்கே பிரித்துக் கொடுக்கிறான்.

அதே நாவலில் தெங்சோவில் இரண்டு வேட்டைக்காரச் சகோதரர்கள். மூன்று நாள் கெடு, தவறினால் தண்டனை. பொறிவில்லில் நஞ்சு தோய்த்த அம்பு வைத்துக் காத்திருந்து புலியை வீழ்த்துகிறார்கள். அது உருண்டு ஒரு பண்ணையாரின் தோட்டத்தில் விழுகிறது. பண்ணையார் அன்பாக உட்காரவைத்துச் சாப்பாடு போட்டு, பின்பக்கமாகப் புலியை அதிகாரியின் அலுவலகத்துக்கு அனுப்பித் தன் பெயரில் கணக்கு எழுதிக்கொள்கிறார். கேட்கப் போன சகோதரர்கள் சிறையில். கற்பனைதான், ஆனால் படித்தவர்களுக்குப் பழகிய நடைமுறையாக இல்லாவிட்டால் எடுபட்டிருக்காது.

#19 சந்தேகசாமி

புதுவரவுக்கு: இருபது புலி கூட்டமாக வராது. சீனத்திலேயே இதற்கு ஒரு வசனம் உண்டு. பாங் சோங் என்ற அமைச்சர் வெய் அரசரிடம் கேட்டார்: சந்தையில் புலி என்று ஒருவன் சொன்னால் நம்புவீர்களா? மாட்டேன். இரண்டு பேர்? யோசிப்பேன். மூன்று பேர்? நம்புவேன். மூன்று பேர் சேர்ந்தால் ஒரு புலி.

#20 கணக்குப்பிள்ளை

சிச்சுவானை அப்படித் தள்ளிவிட முடியாது, ஐயா. அது மிங் வம்சம் வீழ்ந்து, கலகத் தலைவன் ஜாங் சியான்சோங்கின் படை அந்த மாகாணத்தைச் சூறையாடிய பிறகு நடந்தது. கூட்டம் கூட்டமாக வந்தன, சுவரேறின, கூரையில் ஏறின, நீந்திப் படகில் தொற்றின என்று அப்போது உயிர் பிழைத்த ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்குப் பயம், எண்ணிக்கை கூடியிருக்கும். எனக்கு வேண்டியது அரசாங்கக் கடிதம். 1650-இல் நான்சோங் மாவட்ட அதிகாரியின் அறிக்கை. குடியேற்றத்துக்கு அழைத்துவந்த ஆட்கள் 506. புலி தின்றது 228. நோயில் செத்தது 55. மிச்சம் 223. மறுபடி புதிதாகக் கூட்டிவந்தது 74. புலி தின்றது 42. மிச்சம் 32.

கூட்டிப் பார்த்தேன், இரண்டும் சரியாக வருகிறது. இதை எழுதியவன் கை நடுங்கியிருக்குமா என்று தெரியாது, கணக்கு நடுங்கவில்லை.

#21 காட்டுவழி

இது பயங்கரம். ஆனா புரியுது. வயல் எல்லாம் தரிசாகிப் புதர் மண்டும். மானும் பன்றியும் பெருகும், பின்னாலேயே புலி வரும். அதுக்கு மனுஷனைக் கண்டா இருந்த பயமும் போயிருக்கும், வருஷக்கணக்கா துரத்த ஆளே இல்லையே. புதைக்க ஆளில்லாம கிடந்த பிணங்களையும் தின்னு பழகியிருக்கலாம். அந்த நேரத்துல ஆயுதம் இல்லாத 506 பேரைக் கொண்டுபோய் நடுவுல இறக்கினா? கூட்டம்னு பார்த்தது தாயும் வளர்ந்த குட்டிகளுமா இருக்கும். நாலு நிழல் பார்த்தவன் இருபதும்பான். சாமி சொல்றது அவ்வளவுக்குச் சரி.

#22 சந்தேகசாமி

228-ஐ நானும் மறுக்கவில்லை.

#23 நீலவேணி

தைஷானுக்குத் திரும்பலாமா? கன்பூசியஸ் வாக்கில் 'ஆட்சி' என்று நாம் படிக்கும் சொல் ஜெங். அதை அப்படியே படிக்கக் கூடாது, அதே ஒலியுள்ள வேறு ஜெங், அதாவது வரியும் ஊழிய வேலையும் என்று எடுக்க வேண்டும் என்றார் சிங் வம்சக் காலத்து அறிஞர் வாங் யின்ஜி. அப்படிப் படித்தால் அந்தப் பெண் அரசியல் தத்துவம் பேசவில்லை. இங்கே தண்டல்காரன் வருவதில்லை என்கிறாள், அவ்வளவுதான்.

சாமி மாதிரியே இந்தக் கதையை நம்பாத இன்னொருவர் தாங் வம்சக் காலத்து எழுத்தாளர் லியூ சோங்யுவான். 805-இல் தலைநகரிலிருந்து துரத்தப்பட்டு யோங்சோ போய்ச் சேர்ந்தார். அங்கே வரிக்குப் பதிலாக விஷப்பாம்பு பிடித்துக் கொடுக்கும் ஒருவன். தாத்தா பாம்பு கடித்துச் செத்தார், அப்பாவும் அப்படியே, இவனும் பலமுறை சாவின் விளிம்பைத் தொட்டவன். "உன்னை இந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டுப் பழையபடி வரி போடச் சொல்லட்டுமா?" என்று கேட்டதும் கண்ணீர் விட்டு அழுதான். புலிக் கதையை நான் சந்தேகித்ததுண்டு, இவனைப் பார்த்த பிறகு நம்புகிறேன் என்று எழுதினார்.

#24 மலையடிவாரம்

அப்படியானால் என் முதல் கேள்வியே வேறு மாதிரி ஆகிறது. அந்த மலையில் தண்டல்காரன் ஏன் வரவில்லை? நல்லாட்சி என்பதால் அல்ல. புலி இருந்ததால்தான் வரவில்லை! அந்த வீட்டுக்குப் புலி எமன், அதுவே வேலியும்கூட. கன்பூசியஸ் இரண்டையும் தராசில் வைத்து எது கனம் என்று பார்த்தார். அவளுக்கு இரண்டும் ஒரே கயிற்றின் இரு முனை.

#25 காட்டுவழி

இருக்கலாம். ஆனா தண்டல்காரன் தனியா வரமாட்டான், நாலு ஈட்டிக்காரனோட வருவான். புலி அதுக்கு ஒதுங்கிடும். குனிஞ்சு விறகு பொறுக்குறவனுக்குத்தான் ஆபத்து. உங்க வேலி முழுசா நிக்கல.

#26 மலையடிவாரம்

நியாயம். வழி தெரியாத மலை, அறுவடையும் சொற்பம், அதற்காக நான்கு ஈட்டிக்காரனுக்குச் சோறு போட்டுக் கூட்டிவர எந்த அதிகாரிக்கும் கட்டுபடியாகவில்லை என்று திருத்திக்கொள்கிறேன். புலி அதில் ஒரு பங்கு.

#27 கணக்குப்பிள்ளை

பின்னால் வருகிறேன் என்றேன் அல்லவா, லாங்சோங்காரர்கள் கதையை முடிக்கிறேன். சின் போய் ஹான் வந்தது. ஹானை நிறுவியவருக்குப் போரில் துணை நின்றதால் அவர்களில் ஏழு குலங்களுக்கு வரி இல்லை என்றார்கள். மற்றவர்களுக்குத் தலைக்கு ஆண்டுக்கு நாற்பது காசு. மலிவுதான். எத்தனையோ போர்களில் ஹானுக்காக முன்னால் நின்று செத்தார்கள்.

கி.பி. 179-இல் அவர்களே கிளர்ந்து எழுந்தார்கள். லிங் பேரரசர் பெரும்படை அனுப்ப நினைத்து, அந்த மாகாணத்திலிருந்து ஆண்டுக் கணக்கு ஒப்படைக்க வந்திருந்த சிப்பந்திகளைக் கூப்பிட்டு, எப்படி அடக்கலாம் என்று கேட்கிறார். ஹான்சோங்கிலிருந்து வந்த செங் பாவ் பதில் சொல்கிறார் (என் இனத்தான், கணக்கு கொண்டுவந்தவன்): முன்னோர் வெள்ளைப் புலியைக் கொன்று வரிவிலக்கு வாங்கியவர்கள் இவர்கள். இப்போது உள்ளூர் அதிகாரிகள் போடும் வரி மிகக் கனம். அடிமைகளைவிட மோசமாக அடிக்கிறார்கள். மனைவியை வேறு இடத்தில் கட்டிக்கொடுத்து, பிள்ளையை விற்றுக் கட்டியவர்கள் உண்டு. கழுத்தை அறுத்துக்கொண்டவர்களும் உண்டு. மேலே முறையிட்டால் ஆளுநர்கள் கொண்டுசேர்ப்பதில்லை. படை வேண்டாம், நல்ல ஆளுநரை அனுப்புங்கள், தானே அடங்கும்.

பேரரசர் கேட்டார். மன்னிப்பு அறிவித்து ஒருவரை அனுப்பினார்கள், அடங்கியது.

#28 வெட்டிப்பேச்சு

அப்ப அந்த மஞ்சள் டிராகன் ரெண்டு?

#29 கணக்குப்பிள்ளை

கல்லில் இருந்தது சின் பெயர், தம்பி. வசூலுக்கு வந்தவன் ஹான் ஆள்.